மரண அறிவித்தல் கேட்க வந்தவர்கள்

என் மனைவியின் உறவுக்காரர்கள் முதன்முதலாக எங்கள் வீட்டுக்கு வந்தது என்னைப் பார்க்க அல்ல. அவளைப் பார்க்கவும் அல்ல. எங்கள் ரேடியோவைக் கேட்க வந்தார்கள். கல்யாணத்துக்கு வராதவர்கள், பிள்ளை பிறந்தபோது எட்டிப் பார்க்காதவர்கள், சிங்கப்பூர் சிராங்கூன் ரோட்டில் எதிரே நான் வந்தால் பக்கத்துக் கடையில் தொங்கும் வாழைத்தாரை அதிசயமாகப் பார்த்துக்கொண்டு நழுவியவர்கள், ஒரு மரப்பெட்டிக்காக என் வீட்டு மாடிப்படி ஏறினார்கள். ஏறியவர்களைப் பிறகு பல வருஷம் இறக்க முடியவில்லை.

நான் ஜவுளிக்கடைக்காரன். கடை என்னுடையது என்று நினைத்துவிடாதீர்கள். சேலையை விரித்துக் காட்டுவேன், 'இந்தக் கலர் உங்களுக்குத்தான்மா' என்பேன், அந்த அம்மா வாங்காமல் போனதும் மடித்து வைப்பேன். அதுதான் என் உத்தியோகம். என் அப்பா தஞ்சாவூர்ப் பக்கமிருந்து கப்பலில் வந்தவர், துறைமுகத்தில் மூட்டை தூக்கியவர். என் மாமனாரோ யாழ்ப்பாணத்திலிருந்து சட்டைப்பையில் பேனாவோடு வந்திறங்கி, வெள்ளைக்காரன் ஆபீசில் பெரிய கிராணியாக உட்கார்ந்தவர். இந்த ஊரில் குமாஸ்தாவுக்குக் கிராணி என்று பெயர். அதில் பெரிய கிராணி என்றால் கிட்டத்தட்டக் கவர்னர்தான். அவர் நடையும் அப்படித்தான் இருக்கும்.

அவருடைய மூத்த மகள் பெண்கள் பள்ளியில் டீச்சர். பள்ளி விழாவுக்கு ஒரேமாதிரி சேலை எடுக்க நாலு டீச்சர்களோடு கடைக்கு வந்தாள். அடுத்த வாரம் பார்டர் சரியில்லை என்று மாற்ற வந்தாள். அதற்கடுத்த வாரம் எதற்கு வந்தாள் என்று அவளுக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை. முதலாளிக்கு மட்டும் தெரிந்திருந்தது. அவர் சிரித்துக்கொண்டே காபி குடிக்கப் போய்விட்டார்.

பதிவுத் திருமணம். கையெழுத்துப் போட எங்கள் கடைக் கல்லாவில் உட்காரும் அண்ணனும் தையல்காரர் ஒருவரும் வந்தார்கள். அவள் பக்கத்திலிருந்து ஒரு குருவிகூட வரவில்லை. யாழ்ப்பாணத்துக்கு வடக்கே கடல் தாண்டிப் பிறந்த தமிழர்கள் எல்லோருக்கும் அவர்கள் வைத்த பெயர் வடக்கத்தியான். அந்தச் சொல்லைச் சொல்லும்போது மூக்கு தானாகச் சுளித்துக்கொள்ளும். வடக்கத்தியானைக் கட்டிய மகள் மகளே இல்லை என்று சொல்லிவிட்டு, மாமனார் அந்த வருஷமே ஓய்வு பெற்று, பென்ஷனையும் மற்றப் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு கப்பலேறிவிட்டார். போகும்போது வழியனுப்ப வந்தவர்களிடமெல்லாம் தனக்கு மூன்று பிள்ளைகள் என்று சொன்னாராம். ஆயுள் முழுக்க அரசாங்கக் கணக்கு எழுதிய மனுஷனுக்குச் சொந்தப் பிள்ளைகளை எண்ணத் தெரியவில்லை.

அவள் அழுதாளா என்று கேட்காதீர்கள். என் முன்னால் அழவில்லை. ஆனால் வீட்டுக்கு ஒரு நல்ல ரேடியோ வேண்டும் என்று கேட்டாள். நகை கேட்கவில்லை, சேலை கேட்கவில்லை. சேலைக்காரனிடம் சேலை கேட்டு என்ன ஆகப்போகிறது என்று நினைத்தாளோ என்னவோ.

அந்தக் காலத்தில் எங்கள் தெருவில் பல வீடுகளில் மாதச் சந்தா கட்டும் கம்பிப் பெட்டிதான் இருந்தது. கம்பி வழியாக வருவதை அது பாடும். திருப்ப முள் கிடையாது, தேர்ந்தெடுக்க ஸ்டேஷன் கிடையாது. கொழும்பு கேட்க வேண்டுமென்றால் சிற்றலை வரும் நிஜ ரேடியோ வேண்டும், அதற்கு லைசென்ஸ் வேண்டும், கூரையில் ஏரியல் வேண்டும். எல்லாம் செய்தேன். எங்கள் மாடிக்குக் கீழே சவப்பெட்டிக்குத் துணி தைக்கும் சீனத் தவுக்கேதான், அதாவது முதலாளிதான், வீட்டுக்காரர். அவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, கூரையில் இரண்டு மூங்கில் நட்டுச் செம்புக் கம்பி கட்டினேன். மறுநாளே அதில் யாரோ கைலியைக் காயப்போட்டிருந்தார்கள்.

சாயங்காலம் ஆனால் கொழும்பு வரும். வரும் என்றால் ஒழுங்காக வராது. அலைமேல் ஏறி இறங்கி, காணாமல் போய், திரும்பவும் வந்து, 'அடடா' என்று நாம் காதைக் கொடுக்கும்போது கொர்ரென்று இருமும். பக்கத்து நாடுகள் எல்லாம் அந்தப் பெட்டிக்குள் ஒன்றையொன்று முழங்கையால் இடித்துக்கொண்டு நிற்கும். இந்தோனேசியா எங்களோடு சண்டைக்கு நின்ற வருஷங்களில், கொழும்பில் ஒருவர் உருகி உருகிப் பேசிக்கொண்டிருக்கும்போதே ஜகார்த்தாவிலிருந்து ஒருவன் பாய்ந்து வந்து எங்களை நசுக்கிவிடுவதாக மலாயில் கத்துவான். நசுக்கிவிட்டு அவனே ஒரு குரோஞ்சோங் பாட்டும் போடுவான், இனிமையான பாட்டு. கோலாலம்பூர் மட்டும் பக்கத்து வீட்டுக் குழாயடிச் சண்டைபோலத் தெளிவாகக் கேட்கும். ஒருநாள் காலையில் நாங்கள் தனி நாடு ஆனோம், கோலாலம்பூர் வெளிநாடு ஆகிவிட்டது. ரேடியோ முள் அதே இடத்தில்தான் நின்றது.

என் மனைவிக்குப் பாட்டு வேண்டாம், நாடகம் வேண்டாம், செய்தியும் வேண்டாம். அவள் கேட்டது மரண அறிவித்தல்.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இலங்கையில் தமிழர் ஒருவர் காலமானால் வீட்டார் காசு கட்டி ரேடியோவில் அறிவிப்பார்கள். ஊரில் ஆள் செத்ததைவிட ரேடியோவில் செத்ததுதான் அவர்களுக்குச் சாவு. இன்ன ஊரைப் பிறப்பிடமாகவும் இன்ன ஊரை வசிப்பிடமாகவும் கொண்ட இன்னார் காலமானார் என்று தொடங்கும். அன்னார் இன்னாரின் அன்பு மகனும், இன்னாரின் ஆருயிர்க் கணவரும், இன்னார் இன்னாரின் பாசமிகு தந்தையும் என்று வரிசையாகப் போகும். பெயருக்குப் பக்கத்தில் உத்தியோகம், உத்தியோகத்துக்குப் பக்கத்தில் ஊர். டாக்டர் கண்டி. எஞ்சினியர் லண்டன். உத்தியோகமே இல்லாதவன் பிரபல வர்த்தகர். செத்தவர் எப்படிப்பட்டவர் என்று ஒரு வார்த்தை வராது. அவர் யார் யாருக்குச் சொந்தம் என்பது மட்டும் வரும்.

நான் அவளைக் கேலி செய்வேன். தினமும் பொழுது சாயும்போது வீட்டில் பிணம் விழுகிறதே, இதற்கா இவ்வளவு செலவு என்பேன். ஒருநாள் அவள் சிரிக்காமல் காரணத்தைச் சொன்னாள். அவளுடைய அப்பாவுக்கு ஒருநாள் அறிவித்தல் வரும். அதில் பிள்ளைகளின் பெயர் சொல்லுவார்கள். தன் பெயரையும் சொல்லுவார்களா என்று தெரிய வேண்டும். அவ்வளவுதான். அதற்குப் பிறகு நான் கேலி செய்வதை விட்டேன். அவளைக் கேலி செய்வதை, அவள் உறவுக்காரர்களை அல்ல.

அவர்கள் வந்த கதை இப்படி. கோயிலில் யாரோ ஒரு யாழ்ப்பாணத்து அம்மாளிடம், உங்கள் மாமா தவறிவிட்டாராமே, ரேடியோவில் கேட்டேன் என்று இவள் துக்கம் விசாரித்திருக்கிறாள். அந்த அம்மாளுக்கு விஷயமே தெரியாது. கடிதம் பல நாள் கழித்துத்தான் வந்தது. அவ்வளவுதான், காட்டுத்தீ மாதிரிப் பரவிவிட்டது. அவர்களுடைய சாவுகளெல்லாம் அவர்களுக்குத் தெரிவதற்கு முன்பே ஒரு வடக்கத்தியான் வீட்டில் தெரிந்துவிடுகிறது! இந்த மானக்கேட்டை எப்படிப் பொறுப்பது?

முதலில் வந்தவர் அவளுடைய சித்தப்பா, என் மாமனாரின் தம்பி. அவரும் கிராணி, அண்ணனைவிட ஒரு நாற்காலி தாழ்ந்த கிராணி. ஃபேரர் பார்க் பக்கம் நல்ல வீடு, நல்ல சம்பளம். ரேடியோ வாங்கமாட்டார். அது வீண்செலவாம். முதல் நாள் படிக்கட்டிலேயே நின்று கேட்டார். அடுத்த நாள் கதவருகில் நின்றார். அடுத்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார், முழுசாக உட்கார்ந்தால் ஒட்டிக்கொள்ளும்போல. சித்தியும் வந்தார், அவர்களோடு ஓய்வுபெற்ற கிராணிகள் இரண்டு பேர். சித்தப்பா கையில் ஒரு பிளாஸ்க் இருக்கும். அதில் தன் வீட்டுத் தேநீர். எங்கள் வீட்டில் கை நனைக்கக்கூடாதே. என் வீட்டு நாற்காலி, என் வீட்டு மின்விசிறி, என் வீட்டு மின்சாரம் எல்லாம் ஆகும், தண்ணீர் மட்டும் ஆகாது. ஆயிரம் தடவை பிளாஸ்கைப் பிடுங்கி ஜன்னல் வழியாக எறியத் தோன்றியிருக்கிறது. கீழே தவுக்கே தலையில் விழுமே என்று விட்டேன்.

பிளாஸ்க் ஒரு வருஷம் தாங்கியது. பிறகு அடைமழை நாள் ஒன்றில் கொண்டுவரவில்லை. இவள் தேநீர் கொடுத்தாள், குடித்தார். மறுநாளிலிருந்து பிளாஸ்க் மறைந்தது. அதற்கடுத்த மாதம் தேநீரில் சீனி போதாது என்றார்.

நான் கடையிலிருந்து சாயங்காலச் சாப்பாட்டுக்கு ஓடிவரும் நேரமும் அறிவித்தல் நேரமும் ஒன்று. கடை நாலு வீடு தள்ளித்தான். வந்தால் என் சாப்பாட்டு மேசையைச் சுற்றி சபை கூடியிருக்கும். ஒவ்வொரு சாவுக்கும் மார்க் போடுவார்கள். இரண்டு டாக்டரும் ஒரு பிரக்கிராசியாரும் வந்தால் நல்ல சாவு. வெறும் பெயர்கள் மட்டும் வந்தால் ஐயோ பாவம், பிள்ளைகளைப் படிக்க வைக்காமல் செத்துப்போனான். லண்டன் என்ற சொல் வந்தால் நிமிர்ந்து உட்காருவார்கள். வக்கீலைத்தான் பிரக்கிராசியார் என்கிறார்கள் என்பதே எனக்கு இந்தச் சாவுகளிலிருந்துதான் தெரிந்தது. ஒருநாள் நான் செத்தால் என்னை எப்படி அறிவிப்பீர்கள் என்று கேட்டேன். சித்தப்பா யோசித்தார், நிஜமாகவே யோசித்தார். பிறகு பிரபல ஜவுளி வர்த்தகர் எண்டு போடலாம் என்றார். என் கழுத்தில் அப்போது அளவு டேப் தொங்கிக்கொண்டிருந்தது.

இத்தனை வருஷத்தில் அவர்கள் இவளிடம் அவள் அப்பாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. அவளும் கேட்கமாட்டாள். தேநீர் கொடுத்துவிட்டு, முள்ளை மயிரிழை மயிரிழையாகத் திருப்பிக்கொண்டு ரேடியோ பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். எப்போது எங்கே கொழும்பு ஒளிந்துகொள்ளும் என்று அவளுக்குத்தான் தெரியும்.

பேச்சு வந்தது எங்கள் மகனால். அவனுக்கு மெடிக்கல் காலேஜில் இடம் கிடைத்தது. அடேயப்பா, அந்த வாரம் சித்தப்பாவைப் பார்த்திருக்க வேண்டும்! நாற்காலியில் முழுசாகச் சாய்ந்து உட்கார்ந்தார். அவனை 'எங்கட பொடியன்' என்றார். பதினெட்டு வருஷமாக வடக்கத்தியான் பிள்ளையாக இருந்தவன் ஒரே தபாலில் எங்கட பொடியன் ஆகிவிட்டான். யாழ்ப்பாணத்துக்கு உடனே கடிதம் பறந்தது. சில வாரம் கழித்து ஒருநாள் அறிவித்தல் தொடங்குவதற்கு முன் சித்தப்பா தொண்டையைக் கனைத்துக்கொண்டு, அண்ணைக்குச் சரியான சந்தோசமாம், ஊர் முழுக்கச் சொல்லித் திரியிறாராம் என்றார். இவள் கை முள்ளின் மேலேயே நின்றுவிட்டது. அன்று கொழும்பு வரவேயில்லை, யாரும் குறை சொல்லவும் இல்லை.

அன்றிலிருந்து அவள் மாறிப்போனாள். வேலை செய்யும்போது முணுமுணுவென்று பாடுவாள். அப்பாவுக்கு என்ன பிடிக்கும், எப்படி வெள்ளை வேட்டிக்குச் சொட்டு நீலம் போடச் சொல்லுவார், பள்ளிக்கூடம் விட்டு வரும் இவளுக்காக எப்படிக் குடையோடு வாசலில் நிற்பார் என்று என்னிடம் சொல்லத் தொடங்கினாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் நான் கேட்டேயிராத கதைகள். அவர் மனம் இளகிவிட்டது, இனிமேல் என் பெயர் வரும் என்று வாய்விட்டுச் சொல்லவில்லை. சொல்லாமலே தெரிந்தது. எனக்குக் கிழவர்மேல் நம்பிக்கை இல்லை. ஆனால் அவள் முகத்தைப் பார்த்து யார் அதைச் சொல்வது?

தந்தி சித்தப்பா வீட்டுக்குத்தான் வந்தது. காலையில் ஆள் அனுப்பினார். அண்ணை மோசம் போயிட்டார், பின்னேரம் அறிவித்தல் வரும். இவள் தலைமுழுகினாள். வெள்ளைச் சேலை உடுத்தினாள், எங்கள் கடைச் சேலை, நானே எடுத்து வந்தேன். பள்ளிக்கூடத்துக்கு லீவு சொன்னாள். அன்று நானும் கடைக்குப் போகவில்லை. மகனும் காலேஜிலிருந்து வந்துவிட்டான். சாயங்காலம் வழக்கத்தைவிட முன்னாலேயே சித்தப்பா, சித்தி, இரண்டு கிராணிகள் எல்லோரும் வந்து இடம் பிடித்தார்கள். அவள் முள்ளைத் திருப்பினாள். இவ்வளவு வருஷமாக இருமிக்கொண்டிருந்த கொழும்பு அன்றைக்கென்று பார்த்து, பளிச்சென்று, ஒரு கரகரப்பில்லாமல், வீட்டுக்குள் உட்கார்ந்து பேசுவதுபோல வந்தது.

முன்னாள் சிங்கப்பூர் அரசாங்கத் தலைமை எழுதுவினைஞர், அதாவது பெரிய கிராணி, என்று தொடங்கியது. அவருடைய தாய் தகப்பன் வந்தார்கள். மனைவி வந்தார். பிறகு பாசமிகு தந்தையும் என்ற இடம் வந்தது. மூத்த மகன், எஞ்சினியர், கொழும்பு. இளைய மகன், வங்கி, வவுனியா. மகள், ஆசிரியை, யாழ்ப்பாணம். அவ்வளவுதான், மூன்று பேர். மருமக்கள் வந்தார்கள், அவர்களிலும் நான் இல்லை. எனக்கு அது ஒரு பொருட்டும் இல்லை. நான் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு பேரனாரும் என்ற இடம் வந்தது, பேரனார் என்றால் அவர்கள் பேச்சில் தாத்தா. முதல் பெயர், எல்லாப் பேரப்பிள்ளைகளுக்கும் முன்னால், டாக்டர் என்ற பட்டத்தோடு, எங்கள் மகனின் பெயர். டாக்டர் இன்னார், சிங்கப்பூர்.

அவன் காலேஜில் சேர்ந்து சில மாதம்தான் ஆகியிருந்தது. வெட்டிப் பழக ஒரு தவளையைத்தான் அவன் கையில் கொடுத்திருந்தார்கள். பெயரைக் கேட்டதும் அவன் எழுந்து உள்ளே போய்விட்டான்.

அறிவித்தல் முடிந்தது. சித்தப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டார். பெருமையாகவும் இருந்தார். இவளைப் பார்த்து, பொடியன்ர பேர் வந்திட்டுதுதானே பிள்ளை, அதுவும் முதலாவதாய் வந்திட்டுது என்றார். ஆறுதல் சொல்கிறாராம். அதோடு நிறுத்தியிருக்கலாம். கிராணி நிறுத்துவாரா? ஒரு சொல்கூட இவளுடைய தம்பிமார் எழுதியதில்லை, எல்லாம் அண்ணை தன் கையாலேயே எழுதி வைத்தது, முந்தியே கடிதத்தில் அறிவித்திருந்தவர், சாகிற தேதிக்கு மட்டும் இடம் விட்டு வைத்திருந்தவர், பொடியனுக்கு இடம் கிடைத்த பிறகு திரும்பவும் எடுத்துத் திருத்தி எழுதினவராம் என்று மெச்சிக்கொண்டார். கேளுங்கள் இதை. தன் சாவுக்குத் தானே நகல் தயார் செய்து, அதையும் திருத்திச் சுத்தப்பிரதி எடுத்த பெரிய கிராணி. பேரன் பெயரை எழுதப் பேனாவைத் திறந்த அந்தக் கை, அவனைப் பெற்றவள் பெயரை எழுதாமல் பேனாவை மூடியிருக்கிறது. வாயைத் திறந்தால் என்ன வருமென்று எனக்கே பயமாக இருந்தது.

அவள் ரேடியோவை அணைத்தாள். திரும்பி, அமைதியாகத்தான் கேட்டாள்.

"சித்தப்பா, எனக்குத் துடக்கு இருக்கோ, இல்லையோ?"

துடக்கு என்றால் சாவுத் தீட்டு. இரத்த உறவுக்கு உண்டு, மற்றவர்களுக்குக் கிடையாது. அவர் இல்லை என்று சொல்லியிருந்தால் இவள் அவர் அண்ணன் மகள் இல்லை. இருக்கிறது என்று சொன்னால் மகள்தான். பெரிய பெரிய ஆபீஸ் கோப்புகளுக்கெல்லாம் குறிப்பு எழுதிய மூளை, இந்தச் சின்னக் கேள்விக்கு ஒரு குறிப்பு எழுத முடியாமல் சித்தியைப் பார்த்தது. சித்தி கூரையைப் பார்த்தார். கடைசியில் அவர், அது பிறகு பாப்பம் பிள்ளை என்றார்.

"பிறகு பாக்கிறதுக்கு ஒண்டுமில்லை. எனக்குத் துடக்கு இருக்கு. இது செத்த வீடு, செத்த வீட்டிலை றேடியோ போடுறேல்லை. நாளையிலிருந்து வாறதெண்டா, என்ர அப்பாவுக்குத் துக்கம் விசாரிக்க வாங்கோ. வேறை எதுக்கும் வராதேங்கோ."

அவர்கள் ஒருவர் பின் ஒருவராகப் படியிறங்கினார்கள். தேநீர் நாலு கோப்பையில் அப்படியே ஆறிக்கிடந்தது.

அவள் ரேடியோமேல் ஒரு வெள்ளைத் துணியைப் போர்த்தி, அதற்கு முன்னால் ஒரு விளக்கு ஏற்றினாள். அப்பாவின் படம் ஒன்றுகூட அவளிடம் இல்லை. போகும்போது எல்லாப் படங்களையும் அவர் எடுத்துப் போய்விட்டார். நாற்காலிகளைச் சுவரோரம் தள்ளிவிட்டுப் பாய் விரித்தாள். துக்கம் கேட்க வருபவர்கள் உட்கார வேண்டுமே.

மறுநாள் சாயங்காலம் பாயில் அவள் உட்கார்ந்திருந்தாள். யாரும் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. படியில் யாராவது ஏறும் சத்தம் கேட்டால் சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொள்வாள். கீழ்வீட்டுப் பையன் மொட்டைமாடிக்குப் போவான்.

அந்த வாரமே சித்தப்பா ரேடியோ வாங்கிவிட்டார். எங்கள் ரேடியோவைவிடப் பெரியது. இத்தனை வருஷமாக வீண்செலவு என்று வாங்காத மனுஷனுக்கு, அண்ணன் மகளிடம் வந்து 'அப்பா போயிட்டாரே' என்று ஒரு வார்த்தை சொல்வதைவிட அது மலிவாகத் தெரிந்திருக்கிறது. கடைக்கு வந்த ஒரு அம்மா இதை என்னிடம் சொன்னார். ஃபேரர் பார்க் வீட்டில் இப்போது கூட்டமாம், கொழும்பு அருமையாக வருகிறதாம். அன்று நான் அந்த அம்மாவுக்கு வெட்டிய ரவிக்கைத் துணி கோணிப்போய்விட்டது.

நான் வீட்டில் சொல்லவில்லை. எப்படியோ அவளுக்கும் தெரிந்துவிட்டது. எட்டுக்குக் கட்டாயம் வருவார்கள் என்று மட்டும் சொன்னாள். எட்டு என்பது எட்டாம் நாள். செத்தவருக்குப் பிடித்த பண்டமெல்லாம் சமைத்துப் படைத்து, சொந்தபந்தம் எல்லாம் உட்கார்ந்து சாப்பிட வேண்டும். அதற்கு வராமல் இருந்தால் ஊரே பேசும் என்றாள். எந்த ஊர் பேசும் என்று நான் கேட்கவில்லை.

அன்று விடியற்காலையில் தேக்கா மார்க்கெட்டுக்குப் போய் நண்டு வாங்கி வந்தாள். புட்டு அவித்தாள், கத்தரிக்காய் பொரித்துக் குழம்பு வைத்தாள், முருங்கைக்காய்ப் பால்கறி, மீன்பொரியல், நண்டுக் குழம்பு. ஒரு பட்டாளத்துக்குச் சமைத்தாள். ரேடியோ முன்னால் தலைவாழை இலை போட்டுப் படைத்துவிட்டுப் பாயில் போய் உட்கார்ந்தாள். நானும் மகனும் சுவரோரம் நின்றோம். விளக்கு வைக்கும் நேரம் வந்தது, போனது. நண்டுக் குழம்பில் ஆடை படியத் தொடங்கியது. தினம் வருபவர்கள் வரும் நேரமும் தாண்டியது. ஃபேரர் பார்க்கில் இந்நேரம் அறிவித்தல் ஓடிக்கொண்டிருக்கும். அவள் என் பக்கம் திரும்பவே இல்லை. எனக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை.

படியிறங்கிக் கடைக்கு ஓடினேன். கல்லாவில் அண்ணன் பணம் எண்ணிக்கொண்டிருந்தார். என்ன சொன்னேன் என்று ஞாபகமில்லை. அவர் கல்லாவை இழுத்துப் பூட்டினார்.

"ஏன்டா, மொத நாளே சொல்ல மாட்டியா லா? அப்பா தவறி எட்டு நாளாச்சு, புள்ளை தனியா ஒக்காந்திருக்கு. நீயெல்லாம் ஒரு மனுசன்."

கடையே வந்தது. மற்ற விற்பனையாட்கள், தையல்காரர், எதிர்வரிசைப் பூக்கடை அக்கா, காபிக்கடையில் பரோட்டா போடுபவர், எல்லோரும் வந்தார்கள். செருப்புகள் படி முழுக்க நிறைந்துவிட்டன. தவுக்கேகூட மேலே வந்தார். விளக்கையும் வெள்ளைத் துணியையும் படையலையும் பார்த்து, அதுதான் சாமிமேசை என்று நினைத்துக்கொண்டு ரேடியோவுக்கு மூன்று தடவை குனிந்து கும்பிட்டார். யாரும் அவரைத் திருத்தவில்லை. இவர்களில் ஒருவர்கூடக் கிழவரைக் கண்ணால் கண்டதில்லை. அவர் இவர்களை என்ன பெயர் சொல்லிக் கூப்பிடுவார் என்பது எல்லோருக்கும் தெரியும். இருந்தும் பாயில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, துக்கம் விசாரிப்பவர்கள் கேட்கும் கேள்விகளையெல்லாம் ஒழுங்காகக் கேட்டார்கள். என்ன வயது, நோய் எத்தனை நாள், கடைசியில் நினைவு இருந்ததா என்று ஒன்றுவிடவில்லை. அவள் தெரிந்ததைச் சொன்னாள், தெரியாததற்குத் தலையாட்டினாள்.

அண்ணன்தான் அதையும் கேட்டார், வழக்கமாகக் கேட்கிற கேள்விதானே.

"அப்பாவுக்கு எத்தனை புள்ளைங்கம்மா?"

"நாலு பேர்," என்றாள். "நான்தான் மூத்தவள்." பிறகு தம்பிமார் இரண்டு பேரையும் தங்கையையும் உத்தியோகத்தோடும் ஊரோடும் சொன்னாள், ஒருவரையும் விடவில்லை. என்னைக் காட்டி மூத்த மருமகன் என்றாள். அப்பாவுக்கு ஒரு தம்பி இருக்கிறார், இங்கேதான் ஃபேரர் பார்க்கில் இருக்கிறார் என்றும் சொன்னாள்.

"மூத்த பொண்ணுன்னா அப்பாவுக்கு உசுராச்சே," என்றார் அண்ணன்.

"ஓம். நான் எண்டா அவருக்கு உயிர்."

சொல்லிவிட்டுத்தான் அழுதாள், அத்தனை பேருக்கும் நடுவில், வாயைப் பொத்திக்கொள்ளாமல். பூக்கடை அக்கா அவளை இழுத்து மடியில் சாய்த்துக்கொண்டார். அவள் சொன்னது பொய்யாக இருந்திருந்தால், அந்தக் கிழவர்மேல் எனக்கு இன்றுவரை இவ்வளவு ஆத்திரம் இருந்திருக்காது.